வாத்துப் பங்கீட்டு மீமாம்சை

ஒரு பண்டத்தைப் பலர் கூடி உண்ணும்போது யாருக்கு எவ்வளவு என்னும் வினா எவ்வூரிலும் எழக்கூடியதே. ஆயினும் அதைக் கல்லிலே வெட்டிவைத்துத் தீர்த்துக்கொண்ட ஊர் என்னும் பெருமை, புதுக்கோட்டைச் சீமையிலே, எங்கள் திருமயத்துக்கு உண்டு. ஒரே குன்றின் சரிவில் சத்தியகிரீசுவரரும் சத்தியமூர்த்திப் பெருமாளும் அடுத்தடுத்த குடைவரைகளில் எழுந்தருளியிருக்க, அவ்விரு கோயிலாருக்கும் இடையே நடந்த வழக்கை 1245ஆம் ஆண்டில் ஹொய்சளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் முன்னிலையில் பேசி முடித்து, வருவாயைப் பிரித்துக்கொடுத்து, நடுவே மதிலும் எழுப்பிய வரலாற்றை அங்குள்ள சாசனம் சொல்லுகிறது. ஆகவே சுட்ட வாத்து ஒன்றைப் பங்கிடும் முறையை ஆராயத் திருமயத்தான் ஒருவன் முற்படுவதை அதிகப்பிரசங்கம் என்று தள்ளுவது நியாயமாகாது. தீரர் சத்தியமூர்த்தி 1887இல் பிறந்த ஊர் இது. பிரசங்கம் சற்று அதிகமாகத்தான் இருக்கும்.

இவ்வாராய்ச்சிக்கு மூலகாரணம் கோழிக்கால். கோழிக்குப் படைத்தவன் கால் இரண்டே வைத்தான். எனக்கோ மாப்பிள்ளைகள் மூவர். மூத்தவர் என்ற முறையில் ஒருவருக்கு ஒன்றும், புதியவர் என்ற முறையில் ஒருவருக்கு ஒன்றும் இலையில் விழுந்துவிட, நடுவில் நிற்பவர் நெஞ்செலும்பைக் கடித்தபடி பத்து வருஷமாக மௌனம் சாதித்து வருகிறார். இரண்டு கோழியாக அடித்தால் தீராதோ என்று கேட்பவர்கள், அப்போது எஞ்சுகின்ற நாலாவது கால் சம்பந்திக்கா, பேரனுக்கா என்னும் உபப்பிரச்சினையை அனுபவித்தறியாதவர்கள்.

அந்த நடு மாப்பிள்ளைதான் சிங்கப்பூரில் உத்தியோகம் பார்ப்பவர். அவர் புது வீடு குடிபோன சமயத்தில், மற்ற இரு மாப்பிள்ளைகளும், தொண்ணூறை எட்டிப் பிடிக்கும் என் தாயாரும் (பிள்ளைகளுக்கெல்லாம் அப்பத்தா, இனி நானும் அப்படியே குறிப்பிடுவேன்) உட்படக் குடும்பமே திருச்சியில் விமானம் ஏறிப் போயிருந்தோம். திருமயத்தாருக்குச் சிங்கப்பூர் அந்நியமல்ல. ராயவரம், அரிமளம் முதலிய எங்கள் தாலுகா ஊர்களின் நகரத்தார் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் பெட்டியடியில் அமர்ந்து லேவாதேவி செய்த பட்டணம் அது. சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827 முதல் கோயில்கொண்டிருக்கும் மாரியம்மனோ சீனர் பேட்டையின் நட்டநடுவே வீற்றிருக்கிறாள். தீபாராதனை பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்து நாலு தெரு சுற்றினால், கண்ணாடிக்குப் பின்னே கழுத்தில் கொக்கி மாட்டி, அரக்கு நிறத்தில் எண்ணெய் மினுமினுக்க, வாத்துகள் வரிசையாய்த் தொங்கும் காட்சி கிட்டும். அத்தகையதோர் உணவகத்துக்குத்தான் மாப்பிள்ளை எங்களை அழைத்துப் போனார். அழைத்ததில் ஓர் உள்நோக்கம் இருந்தது என்பது என் துணிபு; அதைப் பின்னர் நிறுவுவேன்.

சீனத்துக்கும் நம் அடுக்களைக்கும் உள்ள பந்தம் பழையது. வாணலியை நம்மில் பலர் சீனச்சட்டி என்கிறோம். சர்க்கரையைச் சீனி என்கிறோம். சீன நாட்டின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281இல் சிவன் கோயில் ஒன்று எழும்பியதைச் சொல்லும் தமிழ்ச் சாசனமே கிடைத்திருக்கிறது. (கொத்தவரங்காயை எங்கள் பக்கத்தில் சீனியவரை என்பதால் அதுவும் அங்கிருந்து வந்ததே என்று ஒரு நண்பர் வாதிக்கிறார். நான் அவ்வளவு தூரம் போகத் தயாரில்லை.) இன்று நெடுஞ்சாலையோரத் தள்ளுவண்டியில் சட்டியைத் தட்டித் தட்டிப் புரட்டித் தருகிற மஞ்சூரியன் என்னும் பதார்த்தம் மட்டும் இந்தப் பந்தத்தில் சேராது. கல்கத்தாவில் பிறந்த சீன வம்சத்தவரான நெல்சன் வாங் என்பவர் 1975இல் பம்பாயில் கோழியைக் கொண்டு அதை முதலில் ஆக்கினார் என்பர். மஞ்சூரியா தேசத்தார் அதைக் கண்டால் என்னவென்று விசாரிப்பார்கள்.

வாத்தோ உண்மையிலேயே பழம்பெருமை உடையது. மங்கோலியர் சீனத்தை ஆண்டபோது அரண்மனை உணவு வைத்தியராயிருந்த ஹு சிஹுய் 1330இல் எழுதிய பாகசாஸ்திரத்திலேயே அதற்கு இடமுண்டு. பிற்காலத்தில் பெய்ஜிங்கில் இக்கலை இரண்டு சம்பிரதாயங்களாய்ப் பிரிந்தது. 1416இல் தோன்றியதாக மரபு கூறும் பியென்யிஃபாங் என்னும் கடையார், அடுப்பின் சுவரைத் தட்டையெரித்துச் சூடேற்றியபின் நெருப்பை அடக்கி, வாத்து தீயையே காணாதபடி உள்ளே மூடி வேகவைப்பவர்கள். 1864இல் யாங் சுவான்ரென் என்னும் கோழி வியாபாரி நிறுவிய சுவான்ஜூடே கடையாரோ, பேரி, பீச், இலந்தை இவற்றின் விறகை வெளிப்படையாக எரிய விட்டு, அதன் முன்னே வாத்தைக் கொக்கியில் தொங்கவிட்டுச் சுடுபவர்கள். நம்மவர்க்கு இதை விளக்க வடகலை, தென்கலை என்றால் போதும்; மேலே ஒரு வார்த்தையும் வேண்டியதில்லை.

இரு கலையாருக்கும் பொதுவான சித்தாந்தம் ஒன்றுண்டு: வாத்தாவது அதன் தோலே. இறகு நீக்கிய வாத்தின் தோலுக்கும் தசைக்கும் நடுவே காற்றை ஊதி உப்பவைத்து, கொதிநீரை மேலே வார்த்துத் தோலை இறுக்கி, மாவெல்லப் பாகைப் பூசி, காற்றோட்டத்தில் பல மணி நேரம், சில இடங்களில் ஒரு நாள்கூட, உலர்த்திய பின்பே அடுப்பில் ஏற்றுவர். உள்ளிருக்கும் கொழுப்பு உருகி வடிய, தோல் அப்பளம்போல் மொறுமொறுத்துப் போகிறது. இதைக் கேட்டு வியப்பவர்கள் நம் பாட்டிமார் நாட்டுக்கோழிக்குச் செய்ததை மறந்தவர்கள். மஞ்சளைத் தடவி, வைக்கோல் தீயில் வாட்டி, தோலோடு அரிந்து குழம்பு வைத்த அந்த நாகரிகத்தைக் கைவிட்டு, பிராய்லர்க் கடையில் சட்டையைக் கழற்றுவதுபோல் தோலை உரித்து எறியக் கண்டும் வாய்மூடி நிற்கின்ற தலைமுறைக்குச் சீனன் வந்து தோலின் மகிமையைக் கற்பிக்க வேண்டியதாயிற்று.

இனிப் பங்கீடு. வாத்தை முழுசாகத் தள்ளுமேஜையில் கொண்டுவந்து காட்டி, எங்கள் கண்ணெதிரே ஒருவர் கத்தியால் சீவலானார். பெய்ஜிங் மரபில் ஒரு வாத்தைத் தோலும் தசையுமாக 108 சீவலாகச் சீவுவது கணக்கு என்பர். நூற்றெட்டுத் திவ்யதேசங்களுள் ஒன்றான திருமயத்தில் பிறந்த எனக்கு அவ்வெண் தற்செயலானதாகத் தோன்றவில்லை. ஆனால் நாங்கள் போன கடையில் தோலை மட்டுமே சீவினார்கள். நான் எண்ணியவரை இருபத்தெட்டுச் சீவல்கள்; எல்லாம் ஒரே அகலம், ஒரே நிறம். அந்தச் சீவல்களில் எது காலிலிருந்து வந்தது, எது நெஞ்சிலிருந்து வந்தது என்று பிரம்மதேவனும் சொல்ல முடியாது. மூத்த மாப்பிள்ளை தட்டை இருமுறை திருப்பிப் பார்த்தார். புது மாப்பிள்ளை என் மனைவியைப் பார்த்தார். நடு மாப்பிள்ளை எவரையும் பார்க்காமல், பத்து வருஷத்தில் நான் கண்டிராத ஒரு சாந்தத்தோடு தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மேலே நான் சொன்ன உள்நோக்கத்துக்கு இதனினும் பிரபலமான சாட்சியம் வேண்டுவதில்லை.

கால் என்னும் அவயவமே மேஜைக்கு வராமற்போனால் காலைப் பற்றிய வழக்கும் வராது; அப்பண்ண தண்டநாயக்கர் மதில் எழுப்பிச் சாதித்ததைச் சீனர் கத்தியால் சாதித்துவிட்டார்கள் என்பதே நான் அன்றிரவு அடைந்த முடிபு. இதைச் சூத்திர வாய்பாட்டில் எழுதிவைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த வேளையில்தான் என் முடிபுக்கு இடையூறு நேர்ந்தது.

இடையூறு அப்பத்தாவின் வடிவில் வந்தது. மெல்லிய கோதுமை அடை, கீறிய வெங்காயத்தாள், கறுத்த இனிப்புக் குழைசாறு இவற்றை வாத்துத் தோலோடு எந்த வரிசையில் எப்படிச் சேர்ப்பது என்று நாங்கள் எல்லாரும், பரிமாறிய பெண் காட்டிய செய்கையைப் பார்த்துப் பார்த்துத் தடுமாறி, சட்டையில் சாற்றைச் சிந்திக்கொண்டிருக்க, அப்பத்தா அடையை உள்ளங்கையில் விரித்தாள், சுண்ணாம்பு தடவுவதுபோல் சுண்டுவிரலால் சாற்றைத் தடவினாள், வெங்காயத்தாளைப் பாக்காகப் பாவித்து நடுவில் வைத்தாள், தோலை வைத்தாள், நுனியை மடித்துக் கடைவாயில் ஒதுக்கினாள். பரிமாறிய பெண் தன் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். எழுபது வருஷம் வெற்றிலை மடித்த கை அது.

மென்று முடித்த அப்பத்தா தட்டைச் சுட்டி, “தோலக் குடுத்துட்டுக் கறிய எங்க கொண்டுக்கிட்டுப் போறாக?” என்றாள். மாப்பிள்ளை, கறியை இஞ்சி வெங்காயம் போட்டு வதக்கி இரண்டாவதாகக் கொண்டுவருவார்கள் என்று மரியாதையாக விளக்கினார்; அப்படியே வந்தது, சிறுசிறு துண்டாக, அதிலும் காலின் அடையாளம் இல்லாமல். அப்பத்தா அதையும் உண்டாள். பிறகு அவள் கேட்ட கேள்வி, மூவாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து நான் திரட்டிய ஆதாரங்கள் அனைத்தையும் ஓரத்தில் ஒதுக்கிவிட்டது.

“அப்ப எலும்ப என்ன பண்ணுனாக மாப்பிள்ள? கொட்டிப்புடப் போறாக. ஒரு ரசம் வைக்கச் சொல்லுங்க.”

மாப்பிள்ளை பதில் சொல்லவில்லை. அடுக்களைக் கதவு திறந்து, மூடிய பீங்கான் சட்டி ஒன்று எங்கள் மேஜையை நோக்கி வந்துகொண்டிருந்தது. திறந்தால், வெள்ளை வெளேரென்று கொதித்த எலும்புச் சாறு. அதன் அடியில் அகப்பை விட்டுத் துழாவிய மூத்த மாப்பிள்ளைக்கு முழுசாக ஒரு காலெலும்பு தட்டுப்பட்டது. ஒன்றே ஒன்று.