கிணற்றாமையின் வயது: திருகோணமலைச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

திருகோணமலை நகரில் இன்னும் மூடப்படாத கிணறு உள்ள ஏதாவதொரு வளவுக்குள் போய், "உங்கட கிணத்தாமைக்கு எத்தனை வயசு?" என்று கேட்டால் எண்ணாக ஒரு விடை கிடைக்காது. "அம்மம்மா கலியாணம் முடிச்சு வரேக்கையே இருந்ததாம்" என்பார்கள். அம்மம்மா எப்போது கலியாணம் முடித்தார் என்றால், "சூறாவளிக்கு முதல்" என்பார்கள். எந்தச் சூறாவளி என்று மேலும் கேட்பவர் ஊருக்குப் புதியவர்; அது 1964 மார்கழியில் அடித்தது. ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டது (1942 ஏப்ரல் 9), வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனது (1957), சூறாவளி, சுனாமி: கிணற்றாமையின் வயதை அளக்க இவ்வூரில் வழங்கும் அலகுகள் இவைதாம். அறிவியல் உலகம் இவற்றை இன்னும் ஏற்கவில்லை.

முதலில் வரைவிலக்கணம். கிணற்றாமை என்பது ஓர் இனத்தின் பெயரன்று, ஒரு பதவியின் பெயர். பெரும்பாலும் அப்பதவியில் பாலாமை இருக்கும். மெத்தென்ற ஓடும், பின்னங்காலை உள்ளே இழுத்ததும் கதவுபோல் மூடிக்கொள்ளும் தோல்மடிப்பும் உடைய, இலங்கைக்கே உரிய இனம். சில வளவுகளில் கறுப்பாமை பதில் கடமை பார்க்கும். நட்சத்திர ஆமை எவ்வளவு அழகாக இருந்தாலும் நியமனத்துக்குத் தகுதியற்றது: அது தரைவாசி, கிணற்றில் விட்டால் மூழ்கிவிடும். கடமைகள்: நுளம்புக் குடம்பி, தவறி விழுந்த பூச்சி, தவளைக் குஞ்சு ஆகியவற்றை உண்பது. தண்ணீர் இதனால் சுத்தமாகிறது என்பது ஊரின் துணிபு. உண்டது பின்னர் எங்கே போகிறது என்ற வினாவை எந்த வீட்டிலும் எவரும் எழுப்புவதில்லை. எழுப்பினால் தேத்தண்ணி இறங்காது.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்ற பழமொழி இங்கே ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. அதைச் சொல்லி வாசற்படியில் ஆமையைக் கண்டு பதறும் அதே மூதாட்டிதான் கிணற்றாமைக்குச் சோற்றுப் பருக்கை போடுகிறார். கிணறு வீட்டில் சேர்த்தியில்லை, வளவில்தான் சேரும் என்பது அவர் தரும் சட்ட விளக்கம். இதைவிட நுட்பமான தீர்ப்பை நான் வாசித்ததில்லை.

இனி வயது. உலகில் வயதுக்குப் பேர்போன ஆமைகளைத் திரட்டிப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. கொல்கத்தா அலிப்பூர் உயிரியல் பூங்காவில் 2006இல் இறந்த அத்வைதாவுக்கு 250 வயது என்றார்கள். அது ராபர்ட் கிளைவின் ஆமை என்பது கதை. டொங்கா அரண்மனையில் 1960களின் நடுப்பகுதிவரை வாழ்ந்த துயி மலிலாவைக் கொடுத்தவர் கப்டன் குக்காம். அவுஸ்திரேலியாவில் 2006இல் இறந்த ஹரியட், டார்வின் பிடித்துக்கொண்டு போனதாம். பிந்தைய மரபணுச் சோதனை அதை சாந்தா குரூஸ் தீவின் இனத்தோடு சேர்த்தது. டார்வின் அந்தத் தீவில் கால் வைத்ததே இல்லை. ஆக, ஆமையின் வயது அதன் ஓட்டிலிருந்து வருவதில்லை, கொடுத்தவரின் உத்தியோகத்திலிருந்து வருகிறது. இதைக் கொடையாளர் விதி எனலாம். எழுதுவினைஞர் கொடுத்த ஆமை எழுபதைத் தாண்டாது. ஆளுநர் கொடுத்தது நூற்றைம்பதில் தொடங்கும்.

இந்த விதிப்படி திருகோணமலை ஆமைகள்தாம் உலகில் மூத்தவையாக இருக்க வேண்டும், ஏனென்றால் எங்களிடம் அட்மிரல்களுக்குப் பஞ்சமில்லை. நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி, ரியர் அட்மிரல் சார்ள்ஸ் ஆஸ்டின், 1852இல் பர்மாப் போரின்போது இறந்து எங்கள் ஊர் இடுகாட்டில்தான் அடங்கியிருக்கிறார். அவர் ஒரு பாலாமையைத் தூக்கி யார் வீட்டுக் கிணற்றிலாவது போட்டிருந்தால் இன்று அந்த வளவுக்கு நுழைவுச்சீட்டு விற்கலாம். போட்டதற்குச் சான்றில்லை. 1908இல் இங்கேயே இறந்த இராணுவ மேஜர் மோல்ஸ்வேர்த் வியாழனையும் செவ்வாயையும் இரவிரவாகக் கவனித்துக் குறித்தவர். செவ்வாயில் அவர் பெயரில் ஒரு பள்ளமே உண்டு. கிணற்றுப் பள்ளம் பற்றி அவர் ஏதும் குறித்ததாகத் தெரியவில்லை.

கடற்படைகள் ஆமையைக் கவனித்ததே இல்லை என்றும் சொல்லமுடியாது. 1854இல் கிரிமியப் போருக்குப் போன பிரித்தானியக் கப்பலில் திமொதி என்றோர் ஆமை இருந்தது. அது 2004வரை வாழ்ந்தது. 1926இல் ஒரு துணை தேடிக் கொடுக்க முயன்றபோதுதான் திமொதி பெண் என்று தெரிந்தது. சுமார் 1832இல் பிறந்த, சென் ஹெலினாத் தீவின் யொனதன் என்ற ஆமைக்கு 1991இல் சேர்த்த துணையின் பெயர் பிரெடெரிக்கா. அது ஆணாக இருக்கலாமென்று 2017இல் கண்டார்கள். பிரெடெரிக் கோட்டை எங்களிடம் இருப்பதால் இதை இங்கே குறிப்பது பொருத்தம். வேறு பொருத்தம் இல்லை.

ஓட்டு வளையத்தை எண்ணலாமே என்பார்கள் படித்தவர்கள். பாலாமையின் தோலோட்டில் எண்ண வளையமே இல்லை. கறுப்பாமைக்கு உண்டு, ஆனால் இரை கூடிக் குறைவதைப் பொறுத்து ஒரே ஆண்டில் இரண்டு விழலாம், முதுமையில் தேய்ந்தும் போகும். எஞ்சுவது கோடையில் கிணறு இறைக்கும் நாள் மட்டுமே. அன்று சேறு அள்ளும்போது ஆமையும் வெளியே வந்து ஒரு வாளிக்குள் மாலைவரை முறைத்துக்கொண்டிருக்கும். ஆண்டுக்கொரு குடிசன மதிப்பீடு. இங்கேதான் என் பெரிய ஐயம்: போன வருடம் வாளியில் இருந்ததும் இதுவும் ஒன்றுதானா? பழையது செத்ததைச் சொல்லாமல் அப்பப்பா தம்பலகாமத்து வயலோரம் ஒன்றைப் பிடித்துவந்து விட்டிருந்தால் யாருக்குத் தெரியும்? அம்மம்மா கண்ட ஆமை மூன்று தலைமுறை ஆமைகளாக இருக்கக்கூடும். இதை நான் வாய்விட்டுச் சொன்ன வீடுகளில் எனக்கு இரண்டாவது கோப்பை தேத்தண்ணி வரவில்லை.

பதவியே இப்போது ஒழிந்துகொண்டு வருகிறது. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் குழாயில் வருகிறது. 2017இல் கிண்ணியாவை டெங்கு உலுப்பிய பிறகு கிணறுகளுக்கு வலை போடுகிறார்கள், கப்பி மீன் விடுகிறார்கள். கப்பிக்கு வயது யாரும் கேட்பதில்லை.

உடைமை பற்றிய வினா ஒன்று மிஞ்சுகிறது. காணி உறுதிகளில் வீடு, கிணறு, வான்பயிர், செய்பயிர் எல்லாம் எழுதப்படுகின்றன, ஆமை எழுதப்படுவதில்லை. வளவு கைமாறும் ஒவ்வொரு முறையும் அது முத்திரைத் தீர்வை இல்லாமலே புது உடைமையாளரிடம் போய்ச் சேர்கிறது. உறுதியில் ஒரு வரி சேர்த்தால் வயதுக்கும் எழுத்தில் சான்று கிடைக்குமே என்று நொத்தாரிசு ஒருவரிடம் யோசனை சொன்னேன். "தாராளமாச் சேர்க்கலாம் தம்பி," என்றார். "வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இலயிருந்து இருக்கு. ஆமை வைச்சிருக்கிறதை நீங்களே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டதாப் போகும், அவ்வளவுதான்."