பின்னால் வருவது யார்? சைக்கிள் கண்ணாடி கேள்வி-பதில்

சைக்கிளுக்கு ஒரே ஒரு கண்ணாடிதான் என்றால் எந்தப் பக்கம் மாட்டுவது?
(வாசகர், கரூர்)

வலப்பக்கம். இடது ஓரமாகப் போகும் நம்மை வலப்பக்கமாகத்தான் முந்த வேண்டும் என்பது விதி. விதியைக் கேள்விப்படாதவர்கள் இடப்பக்கமும் நுழைவார்கள். அவர்களுக்காக இன்னொன்று வாங்குவது உங்கள் பட்ஜெட்டைப் பொறுத்தது.

தட்டைக் கண்ணாடியா, குவி ஆடியா?
(வாசகி, தஞ்சாவூர்)

குவி ஆடி. உள்ளங்கை அளவிலேயே முழுச் சாலையையும் காட்டிவிடும். ஆனால் எல்லாவற்றையும் சிறிதாக்கிக் காட்டும். 'லாரி எங்கேயோ வருகிறது' என்று நீங்கள் நினைக்கும்போது அது உங்கள் கேரியருக்குப் பக்கத்தில் இருக்கும். தட்டைக் கண்ணாடி தூரத்தைச் சரியாகச் சொல்லும். சாலையில் ஒரு கீற்றுதான் தெரியும்.

நீளக் கம்பி வைத்த கண்ணாடி வாங்கினேன். பின்னால் வரும் பஸ் இரண்டாகத் தெரிகிறது. கண் டாக்டரிடம் போகட்டுமா?
(வாசகர், திண்டுக்கல்)

முதலில் கம்பியைப் பாருங்கள். நீளம் கூடினால் ஆட்டமும் கூடும். 1911-இல் நடந்த முதல் இண்டியானாபொலிஸ் 500 கார் பந்தயத்தில் ரே ஹாரூன் பின்பக்கக் கண்ணாடி வைத்து ஓட்டி ஜெயித்தார். செங்கல் பாவிய தடத்தில் அது ஆடிய ஆட்டத்தில் ஒன்றுமே தெரியவில்லை என்று பிற்பாடு அவரே சொன்னார். முதலாவதாக வந்தவருக்கு அது பரவாயில்லை. நமக்குப் பின்னால் பஸ் வருகிறதே! கம்பி குட்டையாக, மூட்டு இறுக்கமாக இருப்பதாகப் பார்த்து மாற்றுங்கள்.

ஹேண்டில்பார் நுனியில் செருகும் கண்ணாடி எல்லா சைக்கிளுக்கும் பொருந்துமா?
(வாசகர், கோவில்பட்டி)

குழாயின் நுனி திறந்திருக்க வேண்டும். கிரிப்பின் முனை மூடியிருந்தால் பிளேடால் வட்டமாக அறுத்துவிட்டுச் செருகலாம். இதற்குக் குழாயின் உள்விட்டம் முக்கியம். கிளாம்ப் போட்டு மாட்டுவதென்றால் வெளிவிட்டம்: நேரான பாரில் கிரிப் உட்காரும் இடம் பெரும்பாலும் 22.2 மி.மீ., பந்தய சைக்கிளின் வளைந்த பாரில் 23.8 மி.மீ. கணக்கு அலுப்பாக இருந்தால் சைக்கிளையே கடைக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுங்கள்.

எந்தக் கோணத்தில் திருப்பி வைப்பது?
(வாசகி, விழுப்புரம்)

சீட்டில் உட்கார்ந்து, ஓட்டும்போது குனிகிற அளவுக்குக் குனிந்து திருப்புங்கள். நடுவில் சாலை, ஓரத்தில் உங்கள் முழங்கை கொஞ்சம். உங்கள் முகம் தெரிந்தால் அது சலூன் கண்ணாடி.

கண்ணாடி இல்லாவிட்டால் போலீஸ் பிடிக்குமா?
(வாசகர், ஈரோடு)

பிடிக்காது. மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் உள்ளவர்களுக்கு; உங்கள் மோட்டார் முழங்காலில் இருக்கிறது. கட்டாயம் உள்ள பைக்காரர்கள் பலர் கண்ணாடியைக் கழற்றி வைத்திருக்கும் நாட்டில், கட்டாயமில்லாத நீங்கள் விசாரிக்கிறீர்கள். வாழ்க!

"காது இருக்கும்போது கண்ணாடி எதற்கு?" என்கிறார் என் கணவர்.
(வாசகி, மதுரை)

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் சத்தம் போடாமல் பக்கத்தில் வந்து நிற்கும் நாளில் அவரே கேட்டு வாங்குவார்.

கண்ணாடி மாட்டிவிட்டால் கழுத்தைத் திருப்ப வேண்டாம்தானே?
(வாசகர், நாகர்கோவில்)

வேண்டும். கண்ணாடிக்கு எட்டாத மூலை ஒன்று உங்கள் வலது தோளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வலப்பக்கம் திரும்பும் முன் கண்ணாடியைப் பாருங்கள், தோளுக்கு மேலே ஒருமுறை திரும்பிப் பாருங்கள், கையைக் காட்டுங்கள், பிறகு திரும்புங்கள். கண்ணாடிக்குத்தான் காசு, கழுத்து இலவசம். இரண்டையும் பயன்படுத்துங்கள்.