சிலந்திகளுக்கு வலை விரித்தவர்கள்

கேள்வி: பேஸ்பால் வரலாற்றிலேயே ஒரே சீசனில் மிக அதிகமாகத் தோற்ற பெரிய அணி எது? ஆட்டக்காரர்கள் அவ்வளவு மோசமா?

பதில்: அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் ஸ்பைடர்ஸ். 1899-ல் 154 ஆட்டங்கள். 20 வெற்றி, 134 தோல்வி!

குற்றம் ஆட்டக்காரர்கள் மேல் இல்லை. அணியின் முதலாளிகளான ராபிசன் சகோதரர்கள் அந்த வருடம் செயின்ட் லூயிஸ் அணியையும் வாங்கினார்கள். ஒரு பிள்ளைக்கு விருந்து, இன்னொரு பிள்ளைக்குக் கஞ்சித் தண்ணீர் என்று ஆகிவிட்டது. பந்துவீச்சில் புலியான சை யங் உட்பட நல்ல ஆட்டக்காரர்கள் எல்லோரையும் அங்கே அனுப்பிவிட்டு, மிச்சம் மீதியைக் கிளீவ்லேண்டில் விட்டார்கள்.

உள்ளூர் ஜனங்கள் ஏமாளிகளா என்ன? மைதானம் காலியானது. அங்கே நடந்த 42 ஆட்டங்களுக்கும் சேர்த்தே சுமார் 6,000 பேர்தான் வந்தார்கள். டிக்கெட் வசூலில் வரும் பங்கு ரயில் செலவுக்கே போதாததால், எதிரணிகள் அங்கே வர மறுத்தன. ஸ்பைடர்ஸ் ஊர் ஊராகப் போய் 112 ஆட்டம் ஆடி, 101-ல் தோற்றது.

கடைசி ஆட்டம் சின்சினாட்டியில். பந்து வீசியவர், சுருட்டு விற்றுக்கொண்டிருந்த ஓர் இளைஞர். 19-3 என்று தோல்வி. அத்தோடு அணியையே கலைத்துவிட்டார்கள்.

தோற்பது நிச்சயம் என்று தெரிந்தும் தினமும் மட்டையோடு இறங்கினார்களே, அவர்களுக்கு என் சல்யூட். அந்த அணியை அவர்கள் தோற்கடிக்கவில்லை, முதலாளிகள்தான் தோற்கடித்தார்கள்.