ராஜபாளையத்தில் ஒரு சர்வதேச மாணவர்

லெஸ்டரிலோ கவென்ட்ரியிலோ எம்.எஸ்ஸி. படிக்கிற பையனைத்தான் சர்வதேச மாணவன் என்று அந்த ஊர்ப் பல்கலைக்கழகங்கள் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கின்றன. இதில் ஆள்மாறாட்டம் நடந்திருக்கிறது. அசல் மாணவர் ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கத்து டீக்கடையில், ஐம்பத்துச் சொச்ச வயதில், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, செல்போனில் பவுண்டு விலை பார்த்துக்கொண்டிருக்கிறார். பையன் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வகுப்புக்குப் போகிறான். அவனைப் பெற்றவர் ஏழு நாளும் படிக்கிறார். அன்னியச் செலாவணி, குடியேற்றச் சட்டம், வருமான வரி, பத்திரப் பதிவு, பூகோளம் என்று ஐந்து பாடம். மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்துக்காரன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவான், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னால் இழுப்பான், ஐந்தரை மணி நேர வித்தியாசம் நாலரையாகி மறுபடி ஐந்தரையாகும் என்பதெல்லாம் அவருக்கு ராகுகாலம் போல மனப்பாடம். "என்ன அண்ணாச்சி, பவுண்டு இன்னிக்கு எம்புட்டு?" என்று டீ மாஸ்டர் கேட்டால், வாங்குகிற விலை, விற்கிற விலை, வங்கி பிடிக்கிற கமிஷன் மூன்றையும் சேர்த்தே சொல்வார்.

இந்த வகை மனிதர் ராஜபாளையத்தில் ஒரு மாதிரியும், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறு மாதிரியும் இருப்பார். ராஜபாளையத்துக்காரருக்கு டாலர் புதிதல்ல. 1936இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய காலத்திலிருந்து நூல் விலையில் வாழ்கிற ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டித் தறிகளில் ஓடும் பேண்டேஜ் துணி கப்பலேறிப் போகிறது. 2014இல் 60 ரூபாயை ஒட்டி இருந்த டாலர் 2025 டிசம்பரில் 90 ரூபாயைத் தாண்டியபோது உலகத்திலேயே அதிகம் குழம்பிய மனிதர் இவராகத்தான் இருக்க வேண்டும். பேண்டேஜ் ஏற்றுமதிக்காரராக அவருக்கு அன்று லாபம், தகப்பனாராக நஷ்டம். ஒரே ஆள் ஒரே செய்தியைப் படித்துவிட்டுச் சிரிக்கவும் வேண்டும், நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்கு அந்தச் சிரிப்புப் பாதி கிடையாது. அவர் பள்ளி ஆசிரியராகவோ கடைக்காரராகவோ இருப்பார். அவருடைய சங்கடம் பெட்டியில் தொடங்குகிறது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவைப் பிள்ளைக்குக் கட்டிக் கொடுக்கலாம் என்றால், இந்தியாவிலிருந்து வரும் பயணி பால் பொருள் கொண்டுவரக் கூடாது என்பது பிரிட்டன் சட்டம். ஆண்டாள் சூடிய மாலை புரட்டாசியில் திருப்பதி வரை போகிறது. கோவா சுங்கத்தைத் தாண்டுவதில்லை.

படிப்பவர் அப்பாதான் என்பதற்கு முதல் சாட்சி, அந்த நாடுகள் யாருக்குப் பரீட்சை வைக்கின்றன என்பது. பையன் ஆங்கிலத் தேர்வு ஒன்றை எழுதுகிறான், ஒரு பகல் பொழுதில் முடிந்துவிடுகிறது. அப்பாவின் பரீட்சை மாதக்கணக்கு. பிரிட்டன் விசாவுக்கு முதல் வருடக் கட்டணமும் ஒன்பது மாதச் சாப்பாட்டுச் செலவும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் குறையாமல் இருக்க வேண்டும். ஐயப்பனுக்கு மனிதர்கள் விரதம் இருப்பார்கள். இங்கே பணம் விரதம் இருக்கிறது. அந்த 28 நாளும் அந்தக் கணக்கிலிருந்து கரண்ட் பில் கட்டக் கூடாது, மச்சானுக்குக் கைமாற்றுக் கொடுக்கக் கூடாது, மருமகப் பிள்ளைக்கு மோதிரம் எடுக்கக் கூடாது. இருபத்தேழாம் நாள் தானியங்கித் தவணை ஒன்று ஆயிரம் ரூபாயை எடுத்து, மிச்சம் அந்த அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால் விரதம் கலைந்தது. மறுபடி முதல் நாள். கடனாக வாங்கினால் இந்த விரதம் இல்லை, வங்கிக் கடிதமே போதும். ஆனால் வங்கியில் வேறொரு கிரகம் காத்திருக்கிறது. ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்து ஜாமீன் என்பது கல்விக் கடனுக்கு வங்கிகள் வைத்திருக்கும் பொதுவான முறை. அந்த எண்ணைச் சனி பகவானிடம் கேட்டுத்தான் வைத்தார்களோ என்னவோ. திருப்பிக் கட்டப் பதினைந்து ஆண்டு வரை தவணை, அதாவது சரியாக இரண்டு ஏழரை. தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வக்கீல் கருத்து என்று மலையடிவாரத் தென்னந்தோப்பு முழுவதும் காகிதமாகி வங்கிக்குப் போகிறது. பத்திர ஆபீசில் மதிப்பு குறைவாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட அதே தோப்பு, வேல்யூவர் வரும்போது மட்டும் பொன் விளையும் பூமியாகத் தெரிய வேண்டும். இந்த இரட்டை வேடத்தில் தேறினால்தான் பையனுக்கு இடம்.

இன்னும் இருக்கிறது. ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கட்டணம் கிடையாது என்று கேள்விப்பட்டு அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்புவார். அங்கே ஒரு வருடச் செலவு 11,904 யூரோவை முன்கூட்டியே முடக்கக் கணக்கில் போடச் சொல்கிறார்கள். மாதம் 992 யூரோவாகத் திரும்ப வரும். தன் பணத்துக்கே சம்பளம் வாங்குகிற வேலை உலகத்தில் இது ஒன்றுதான். இங்கிலாந்துக்கே திரும்பினால், மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம். தனக்குக் காய்ச்சல் வந்தால் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் காசில்லாமல் ஊசி போட்டுக்கொள்கிறவர், பையனுக்கு இன்னும் வராத இருமலுக்கு முன்பணம் கட்டுகிறார். நம் வருமான வரித் துறையின் கேள்வித்தாளும் சுலபமில்லை. 2025 ஏப்ரலிலிருந்து, வங்கிக் கல்விக் கடனாக வெளிநாடு போகிற பணத்துக்கு முன்வரிப் பிடித்தம் இல்லை. சொந்தப் பணத்தில் ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டினால் உண்டு. கையில் காசு வைத்திருப்பதைவிடக் கடன்காரனாக இருப்பது புண்ணியம் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்துவிட்டது.

இதெல்லாம் வெறும் பெருமைக்கு என்று சொல்கிறவர்கள் உண்டு. மதுரை விமான நிலையத்தில் மாலை போட்டு, பதினெட்டுப் பேர் வேனில் போய் வழியனுப்பி, தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைப்பதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் பெருமைக்கு ஃப்ளெக்ஸ் மட்டும் போதுமே, அதற்குத் தோப்பை அடகு வைக்க வேண்டியதில்லை. தவிர, வியாபாரக் காசைப் படிப்பில் போடுவது இந்த மாவட்டத்தில் நேற்று வந்த பழக்கம் இல்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துப் பள்ளிக்கூடம் நடத்திய பூமி இது. காமராசர் படித்த சத்திரிய வித்யாசாலை விருதுநகரில் 1889இல் அப்படி எழுந்ததுதான். அன்றைக்கு ஊர் மொத்தமும் சேர்ந்து ஒரு பள்ளிக்குக் கட்டியது. இன்றைக்கு ஒரு மனிதர் தனியாக ஒரு பையனுக்குக் கட்டுகிறார். என் குறை அந்த இடத்தில்தான். 1914இல் ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறியபோது சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை கொடுத்தது, அதில் ஒரு பகுதி கும்பகோணத்தில் குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஜவுளிக்கடைக் கணக்கரான அவர் தகப்பனாரிடம் யாரும் பட்டா கேட்கவில்லை. எல்லாப் பிள்ளையும் ராமானுஜனா என்று கேட்டால், இல்லைதான். அதனால் எல்லாத் தகப்பனும் செட்டியார் பேங்க் ஆகிவிட வேண்டுமா?

கிருஷ்ணன்கோயிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருக்கிறது, ராஜபாளையத்திலேயே பொறியியல் கல்லூரி இருக்கிறது, இங்கே படித்தால் ஆகாதா என்பது இன்னும் கனமான கேள்வி. படிப்புக்கு ஆகும், அண்ணாச்சியின் கணக்குக்கு ஆகாது. கடன் ரூபாயில், சம்பளம் பவுண்டில் என்பதுதான் அவர் போட்டிருக்கும் கணக்கு. ரூபாய் சரிந்தால் கட்டும்போது வலிக்கும், பையன் அங்கே வேலையில் அமர்ந்துவிட்டால் அடைக்கும்போது அதே சரிவு கைகொடுக்கும். வியாபாரியின் மூளை, குற்றம் சொல்ல முடியாது. அதில் ஒரே ஓட்டை, பையன் அங்கே வேலையில் அமர வேண்டும் என்பது. படித்து முடித்தவர் தங்கி வேலை தேட இருந்த இரண்டு வருட அவகாசத்தை, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதமாக பிரிட்டன் குறைத்துவிட்டது. பையன் பகுதி நேரமாகச் சம்பாதித்து அடைப்பான் என்பார்கள். வகுப்பு நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அது அறை வாடகைக்கும் பருப்புக்கும் சரியாகப் போகும். ஊர் திரும்பி ரூபாய்ச் சம்பளம் வாங்குகிறவனுக்குப் பவுண்டுக் கட்டணம் இடுப்பில் கட்டிய அம்மிக்கல்.

இவ்வளவு படித்தவர் ஒரு பாடத்தில் மட்டும் முட்டை வாங்குகிறார். பையன் என்ன படிக்கிறான் என்று கேட்டுப் பாருங்கள். "எம்.எஸ்ஸி." என்பார். எதில் என்றால், "கம்ப்யூட்டர்லதான்... டேட்டா என்னமோ" என்று டீ கிளாஸைக் கீழே வைப்பார். அந்தப் படிப்பு முடித்தவர்கள் எங்கே வேலைக்குப் போனார்கள், எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று மட்டும் அவர் யாரையும் கேட்டதில்லை. ஒரு லோடு நூல் வாங்கினால் கவுண்டு பார்க்காமல் வாங்க மாட்டார். பையனுக்கோ பாடத்தின் பெயர் தெரியும், தோப்பின் சர்வே நம்பர் தெரியாது. இரண்டு பேரையும் சேர்த்தால்தான் ஒரு முழு மாணவர் வருகிறார்.

பட்டமளிப்பு விழா பெரும்பாலும் டிசம்பர், ஜனவரிக் குளிரில் நடக்கும். விருந்தினர் சீட்டு கிடைத்தாலும் விசாவும் விமானமும் யார் கட்டுவது என்று அண்ணாச்சி போவதில்லை, யூடியூபில் பார்த்துக்கொள்கிறார். அங்கே காலை பத்தரைக்கு மேடை ஏறினால் இங்கே மாலை நான்கு மணி. குளிர்காலக் கணக்கு, ஐந்தரை மணி நேரம்.