வாத்துப் பரிபாலனம்

இடம்: மன்னார்குடியில் ஒரு வீட்டின் கொல்லைப்புறம். பேசுவோர் இருவர். ஒருவர், முப்பது வருஷகாலம் தாலுக்காக்களை ஆண்டு ஓய்வுபெற்றபின், ஆளுவதற்கு வேறு பிரஜைகள் அகப்படாமையால் வாத்துகளை ஆளத் தலைப்பட்ட தாசில்தார். மற்றவர் அவருடைய மனைவியின் தம்பி, கால்நடை வைத்தியர். அத்தானிடத்தில் மரியாதையும் வாத்தைப்பற்றிய ஞானமும் ஒருங்கே உடையவர். இவ்விரண்டையும் ஒரே மனிதர் வைத்துக்கொண்டிருப்பது எத்துணைச் சங்கடமான காரியம் என்பது பின்வரும் சம்பாஷணையால் விளங்கும்.

தாசில்தார்: வாரும், மாப்பிள்ளை. உம்மை வைத்தியராக அன்று, சாட்சியாகவே வரவழைத்தேன். பன்னிரண்டு முட்டைகளை அடைவைத்து, இருபத்தெட்டு நாள் கண்ணும் கருத்துமாய்க் காத்து, ஒன்பது குஞ்சுகளை இவ்வுலகத்துக்குக் கொண்டுவந்து, இன்று முட்டைக்காகக் கடைத்தெருவில் கைநீட்டாத கிருகஸ்தனாக நான் விளங்குகிறேன் என்றால், அதற்கு நிர்வாகத் திறமையைத் தவிர வேறு காரணம் உண்டா?

வைத்தியர்: இருபத்தெட்டு நாளும் தாங்களே அடைகாத்தீர்களா, அத்தான்?

தாசில்தார்: நேரில் அன்று. ஒரு நாட்டுக்கோழியை அப்பணியில் நியமித்திருந்தேன்.

வைத்தியர்: தன் முட்டையென்றால் இருபத்தொரு நாளில் எழுந்து போகக்கூடிய அந்தக் கோழி, அன்னியர் முட்டைக்காக மேலும் ஒரு வாரம் சம்பளமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. வாத்தையோ தலைமுறை தலைமுறையாக முட்டைக் கணக்கு ஒன்றையே கருதி மனிதன் தெரிந்தெடுத்து வளர்த்ததால், அது இடுவதைக் கற்று, காப்பதைப் பெரும்பாலும் மறந்துவிட்டது. அது போகட்டும். கடைசி நாட்களில் உட்சவ்வு வறண்டு குஞ்சு அதில் ஒட்டிக்கொள்ளாதிருக்க, வெதுவெதுப்பான நீரை முட்டைமேல் தெளிக்கவேண்டுமே, அதைச் செய்தது யார்?

தாசில்தார்: உம் அக்காள் தெளித்தாள், அதை நான் தேதிவாரியாகப் பதிவேட்டில் ஏற்றினேன். பதிவேட்டில் ஏறாத காரியம் நடந்த காரியமாகுமா? இன்னும் கேளும். ஓட்டில் கீறல் விழுந்து ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்தும் வெளிவராத குஞ்சுகள்மீது, கெடு தாண்டிய குற்றத்துக்காக, நானே ஓட்டை உடைத்து ஜப்தி நடவடிக்கை எடுக்கப் புறப்பட்டேன். அவள் குறுக்கே வந்து நின்றாள்.

வைத்தியர்: நின்றதனால்தான் ஒன்பது பிழைத்தன. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குச் சோம்பலாகத் தோன்றும் அந்த நேரத்தில்தான், ஓட்டின் உட்புறத்து நாளங்களிலுள்ள இரத்தமும் மிச்சமிருக்கும் மஞ்சட்கருவும் குஞ்சின் உடலுக்குள் சேர்கின்றன. அவசரப்பட்டு உடைத்தால் இரத்தம் பெருகிக் குஞ்சு மாளும்.

தாசில்தார்: எப்படியாயினும் ஜாதி உயர்ந்த ஜாதி. காக்கி காம்பெல்! அந்தப் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் என் மனம் லயித்துவிட்டது. காம்பெல் துரை என்னும் சேனாதிபதி, யுத்த களத்தில் ஓய்ந்த வேளையில் தம் படையின் சீருடை நிறத்திலேயே ஒரு பட்சியைச் சிருஷ்டித்தார் என்பது எவ்வளவு கம்பீரமான செய்தி!

வைத்தியர்: நிறத்துக்குப் பெயர் ராணுவச் சீருடையிலிருந்து வந்தது மெய். ஆனால் துரை அல்லர், துரைசானி. இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயரைச் சேர்ந்த யூலி என்ற கிராமத்தில் அடீல் காம்பெல் என்ற அம்மையார், நிறைய முட்டையிடும் ஓர் ஓட்ட வாத்தை ரூவான் என்னும் பருத்த ஜாதியோடு கலந்து, பிறகு காட்டு வாத்தின் இரத்தத்தையும் சேர்த்து உண்டாக்கியது இந்த ஜாதி. 1898ஆம் ஆண்டில் வெளியுலகுக்கு அறிமுகமாயிற்று. நல்ல பராமரிப்பில் வருஷத்துக்கு முந்நூறு முட்டை வரையில் இடும்.

தாசில்தார்: ஸ்திரீயா? (சற்று மௌனம்.) அவளுடைய கணவர் அதைப் பதிவேட்டில் ஏற்றியிருப்பார்.

வைத்தியர்: இரை என்ன கொடுத்தீர்கள்?

தாசில்தார்: அங்கேதான் என் சிக்கனம் வெளிப்பட்டது. மண்டிக்காரன் தள்ளிவைத்திருந்த கடலைப் புண்ணாக்கு, மேலே இலேசாகப் பச்சை பூத்திருந்த ஒரே குற்றத்துக்காகப் பாதி விலைக்குக் கிடைத்தது. உம் அக்காள் அதை மூட்டையோடு எருக்குழியில் தள்ளிவிட்டு, தவிடும் வாய்க்காலில் பொறுக்கிய நத்தையுமாகக் கொடுத்து, என் திட்டத்தையே சீர்குலைத்தாள்.

வைத்தியர்: 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் ஒரு காரணமும் தெரியாமல் மாண்டபோது, பிரேசிலிலிருந்து வந்த பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கே எமன் என்று பின்னால் கண்டார்கள். அந்த விஷம் ஒரு தீனியில் இருக்கிறதா என்று சோதிக்க விஞ்ஞானிகள் அதை வாத்துக்குஞ்சுக்கு ஊட்டிப் பார்த்தார்கள். அவ்வளவு சீக்கிரம் அதற்கு ஈரல் கெடும். தாங்கள் அதே பரீட்சையைப் பாதி விலையில் நடத்தவிருந்தீர்கள்.

தாசில்தார்: அது கிடக்கட்டும். என் மனத்தை உறுத்துவது வேறொன்று. இவ்வளவு செய்தும் அந்தக் குஞ்சுகள் ஒருநாளாவது என் பின்னால் வந்ததில்லை. கோழியின் பின்னால் போயின. குளத்தில் அவை இறங்கியதும் கரையில் நின்று அது குடிமுழுகிப்போனதாகக் கதறியபோதும், திரும்பிவந்து அதனிடமே ஒண்டின. பிறகு உம் அக்காளின் பின்னால் போயின. நான் வந்தால் படலுக்குள் ஓடுகின்றன.

வைத்தியர்: ஆஸ்திரிய நாட்டுக் கொன்ராட் லோரென்ஸ், 1973இல் நோபல் பரிசு பெற்றவர், காட்டு வாத்துக்குஞ்சுகள் தம்மைத் தாயாக ஏற்கவேண்டுமென்பதற்காகப் புல்தரையில் குந்தியபடியே நகர்ந்து, ஓயாமல் வாத்தைப்போலக் கத்திக்கொண்டு போனார், நிமிர்ந்தாலும் கத்துவதை நிறுத்தினாலும் குஞ்சுகள் அழத் தொடங்கிவிடும். வேலிக்கு அப்பாலிருந்து பார்த்தவர்களுக்குப் புல்லுக்குள் மறைந்திருந்த குஞ்சுகள் தெரியவில்லை; தாடிக்காரர் ஒருவர் குந்திக்கொண்டு கத்துவதுதான் தெரிந்தது. தாங்களும் பிரயத்தனம் செய்யலாம்.

தாசில்தார்: எத்தனையோ கர்ணங்களைக் குனியவைத்த முதுகு, மாப்பிள்ளை! அது குனியாது. ஆனால் ஒழுங்குமுறையை நிலைநாட்டத் தவறவில்லை. மூன்றாம் மாதத்தில் ஒன்பதில் ஐந்து, தெருவே அதிரும்படி கூச்சலிடத் தொடங்கின. பக்கத்துவீட்டு வக்கீல் நோட்டீஸ் விடுவதாகச் சொல்லியனுப்பினார். குறுவை அறுப்பு முடிந்த வயலில் ஆயிரம் வாத்து மேய்த்துக்கொண்டு வந்த வாத்துக்காரனிடம் அந்த ஐந்து துஷ்டப் பிராணிகளையும் விற்றுத் தீர்த்தேன். பேரம் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிப்போனான். பதவி போனாலும் மரியாதை போகவில்லை பாரும். மிஞ்சிய நான்கும் ரத்தினங்கள். சத்தமே கிடையாது, ஏதோ தொண்டை கட்டியதுபோல் மெல்லக் கரகரக்கும். தலையில் பச்சை கலந்த மினுமினுப்பு. வாலின்மேல் இறகு மீசை முறுக்கினாற்போல் சுருண்டிருக்கும்.

வைத்தியர்: அந்த நான்குமா முட்டையிடுகின்றன?

தாசில்தார்: நாள் தவறாமல் மூன்று, சில நாள் நான்கு. காலை ஏழு மணிக்கு நான் பார்வையிடப் போகையில் வைக்கோல்மேல் வரிசையாக இருக்கும். கழுவித் துடைத்தாற்போல் அத்தனை சுத்தம்.

வைத்தியர்: சேற்றுக்காலோடு கூட்டில் புரளும் வாத்து, முட்டையிட்டுத் துடைத்தும் வைப்பதாக எங்கள் பாடபுத்தகத்தில் இல்லை. (தயங்கி) அத்தான், வாத்துகளில் உரக்கக் கத்துவது பெட்டை. கரகரப்பும் வாலில் சுருளும் சேவலுக்கு உரியவை.

தாசில்தார்: அப்படியானால்... அந்த முட்டைகள்?

வைத்தியர்: காலை ஆறு மணிக்குப் பேருந்தைவிட்டு இறங்கி வருகையில், கொல்லைப் படலருகே அந்த வாத்துக்காரரின் மனைவி கூடையிலிருந்து நான்கு முட்டை எண்ணிக் கொடுத்ததையும், அக்கா காசு கொடுத்துவிட்டு, முந்தானையால் முட்டையைத் துடைத்ததையும் பார்த்தேன். உறவின் நலம் கருதிப் பேசாதிருக்க எண்ணினேன்.

தாசில்தார்: (நெடுநேரம் வாத்துகளைப் பார்த்தபின்) அந்த முட்டைகள், நான் விற்ற ஐந்தும் இட்டவையாக இருக்கக்கூடுமோ?

வைத்தியர்: ஆயிரத்து ஐந்தில் எது இட்டதென்று யார் கண்டார்கள்? இருக்கலாம்.

தாசில்தார்: அப்படிச் சொல்லும்! என் வாத்துகள் எங்கும் போய்விடவில்லை, மாப்பிள்ளை. வெளியூர் முகாமில் இருக்கின்றன. அந்தப் பதிவேட்டை இப்படிக் கொடும்.