கட்டைப்பைச் சுவடியியல்

ஜவுளிக்கடையில் பட்டுப்புடவை எடுத்தால் பெரிய கட்டைப்பை ஒன்று கொடுத்தனுப்புவார்கள். புடவை பீரோவுக்குள் போய்விடும். பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். ஒரு மாதத்தில் அதற்குள் குழந்தை வரைந்த படங்கள் சேர ஆரம்பிக்கும். எங்கள் வீட்டில் இப்படி மூன்று பைகள். மகளுக்கு வயது ஐந்து. சும்மா தெரிந்துகொள்ளலாமே என்று பழைய பேப்பர்காரரின் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்தேன், ஒன்பது கிலோ. அவர் பாவம், வழக்கம்போல விலை சொல்லிவிட்டார். அன்று இரவு எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

இந்த ஆய்வின் தோற்றுவாய் அதுவே. ஓலைச்சுவடியைக் காக்கத் தஞ்சையில் சரசுவதி மகால் இருக்கிறது. கட்டைப்பைக்கு யார் இருக்கிறார்கள்? அந்தக் குறையை நீக்கவே இக்கட்டுரை ஐந்து இயல்களாக எழுதப்பட்டது. மூன்றாம் இயல் மட்டும் கிடைக்கவில்லை. சுவடிகளில் நடுவே ஓர் ஓலை காணாமல் போவதில்லையா, அதுபோல. காரணம் உரிய இடத்தில் சொல்லப்படும்.

முதல் இயல்: வரலாறு

1887-ல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். அதே 1887-ல் இத்தாலியில் கொர்ராதோ ரிச்சி என்பவர் குழந்தைகளின் கலை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். போலோஞாவில் மழைக்கு ஒதுங்கிய இடத்தில், சுவரில் சிறுவர்கள் கிறுக்கியிருந்ததைப் பார்த்துப் பிறந்த நூல் அது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்றால் கிடையாது. ஆனாலும் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவனுக்கு இரண்டு ஆண்டுகள் இப்படிப் பொருந்திவந்தால், அதை விட்டுவிட மனசு வருமா?

சேகரிப்பில் எல்லாரையும் தோற்கடித்தவர் சான் பிரான்சிஸ்கோவில் பாலர் பள்ளி நடத்திய ரோடா கெல்லாக். உலகக் குழந்தைகளின் படங்கள் ஏறக்குறைய பத்து லட்சம் அவரிடம் இருந்தன. கிறுக்கல்களை அலசி, அடிப்படை வகைகள் 20 என்று 1969-ல் வந்த நூலில் எழுதினார். எத்தனை கட்டைப்பை என்று அவர் எழுதவில்லை.

களப்பணிக்கு வருவோம். எங்கள் வாடகை வீட்டுக் கூடத்தின் மேற்குச் சுவர். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் வெறும் சுழிகள். இரண்டடியில் மூடிய வட்டங்கள். இரண்டரை அடியில் வட்டத்துக்குக் கண் வந்து, தலையிலிருந்தே நேராகக் கால் முளைத்த மனிதர்கள். உடம்பு இல்லை, வயிறு இல்லாததால் கவலையும் இல்லாத இனம். மூன்றடிக்கு மேல் கழுத்து, கை, பொட்டு. கீழடியில் ஆழம் போகப்போகக் காலம் பழையதாவதைப் போலத்தான் இங்கேயும். நாலரை அடியில் தனியாக ஒரு மீன் மட்டும் கணக்குக்குள் வராமல் பல நாள் குழப்பியது. பிறகுதான் சோபா முன்பு அந்தப் பக்கம் கிடந்தது நினைவுக்கு வந்தது.

வீட்டு ஓனர் இதைத் தொல்லியலாகப் பார்க்க மாட்டார். காலி செய்யும்போது பெயிண்டுக்கென்று அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார். பிடிக்கட்டும். மெழுகு கிரேயான்மேல் டிஸ்டம்பர் சரியாக ஒட்டாது. அடுத்துக் குடிவருகிறவர்களின் சுவரில் ஈரமான ஒரு நாளில் எங்கள் மீன் மங்கலாக எட்டிப்பார்க்கும்.

இரண்டாம் இயல்: மூலமும் உரையும் இடைச்செருகலும்

படத்தை மட்டும் பத்திரப்படுத்துவது உரையில்லாத சூத்திரத்தைப் பத்திரப்படுத்துவது மாதிரி. நாலு கால், வால், நீள மூஞ்சி. நாய் என்று நினைத்து "நாய் சூப்பர்" என்றேன். "நாய் இல்லப்பா, தாத்தா தூங்குறாரு" என்று பதில் வந்தது. வால் என்று நான் கொண்டது போர்வையின் நுனி. மறுநாள் அதே படத்தைக் காட்டிக் கேட்டால் "இது பஸ்" என்றாள். சுவடிப் பதிப்பாசிரியர்கள் பாடபேதம் என்று வருந்தினார்களே, அவர்களுக்காவது வேறுவேறு ஏடுகளில்தான் வேறுபாடு. இங்கே ஒரே ஏடு, ஒரே ஆசிரியர், இரண்டு காலைப்பொழுது.

ஆகவே முதல் விதி: வரைந்த அன்றே, குழந்தை தூங்குவதற்குள், தாளின் பின்பக்கம் பென்சிலால் தேதியும் வயதும் அவள் சொன்ன உரையும் எழுதவேண்டும். பேனா கூடாது, முன்பக்கம் அழுந்தித் தெரியும், நாளாவட்டத்தில் ஊறவும் செய்யும். இந்த ஒன்றைச் செய்தாலே போதும், மற்ற விதிகளை மறந்துவிடலாம்.

பிரான்சில் லூக்கே என்ற அறிஞர் தம் மகளின் படங்களையே வைத்து 1913-ல் ஒரு நூல் எழுதினார், 1927-ல் இன்னொன்று. குழந்தை கண்ணால் காண்பதை வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது என்பது அவர் கொள்கை. அதனால்தான் சுவர் மறைக்காமல் வீட்டுக்குள் இருப்பதெல்லாம் தெரியும். இதன் உண்மையை நான் நேரில் கண்டேன். மகள் வரைந்த வீட்டில் பீரோவின் மேல்தட்டில், மாமியார் ஒளித்துவைத்த முறுக்கு டப்பா, மூடியோடு, உள்ளே ஏழு முறுக்கோடு இருந்தது. எண்ணிப் பார்த்தோம். நிஜத்தில் ஐந்துதான். மிச்சம் இரண்டு எங்கே என்று மாமியார் என்னைப் பார்த்தார்.

இரண்டு மலை, நடுவே சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் தென்னை, வானத்தில் 'வி' போலப் பறவை என்று ஒரு படம் உண்டு. மலையையே பார்த்திராத சென்னைக் குழந்தையும் இதை வரைகிறது. இது ஆசிரியர் பெயர் தெரியாத தனிப்பாடல் வகை. ஒரு வீட்டுக்கு ஒரு பிரதி போதும். எங்களிடம் நாற்பத்திரண்டு.

இடைச்செருகல் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்து 'ப்ராஜெக்ட்' என்ற பெயரில் வீட்டுக்கு வரும் சார்ட் பேப்பரில் குழந்தையின் கை எவ்வளவு, பெற்றோர் கை எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம். கோடு அளவுகோல் வைத்துப் போட்டதாக இருந்தால் அது அப்பா. ஓரத்தில் பூவேலை இருந்தால் அம்மா. இரவு பதினொரு மணிக்குமேல் வரைந்ததாகத் தெரிந்தால் இருவரும். எங்கள் சேகரிப்பில் பரிசுபெற்ற ஒரே படம் 'மரம் வளர்ப்போம்'. அதில் மூலம் என்று கொள்ளத்தக்கது, அடியில் இருக்கும் எறும்பு ஒன்றுதான்.

நான்காம் இயல்: காப்பு

பகைவர்கள் பலர். முதல்வன் ராமபாணப் பூச்சி. தாளை நேராகத் துளைத்துப் போகிறது என்பதற்காக இராமனின் அம்பையே அதற்குப் பெயராக வைத்த நம் முன்னோரின் ரசனை வியப்புக்குரியது. புத்தகத்தை இழந்த கோபத்திலும் உவமையை விடவில்லை. கரையானும் கடற்காற்றும் அடுத்து. வசம்புத் துண்டும் நன்றாகக் காய்ந்த வேப்பிலையும் பைக்குள் போட்டிருக்கிறோம். பாச்சை உருண்டையை மாமியார் சிபாரிசு செய்தார். மிட்டாய் போல இருக்கும் எதையும் குழந்தை கைவைக்கும் பையில் போடக்கூடாது என்று அது நிராகரிக்கப்பட்டது.

ஆனால் எங்களைக் கவிழ்த்தது வெளிப்பகை அல்ல, உட்பகை. எல்.கே.ஜி.யில் துவரம்பருப்பு ஒட்டிய மயில் ஒன்று மகள் செய்துவந்தாள். தோகைக்குப் பச்சைப்பயறு, கண்ணுக்கு மிளகு, எல்லாம் ஃபெவிகால் போட்டு. நாலு மாதம் கழித்துப் பையைத் திறந்தால் மயில் லேசாக அசைந்தது. தோகை முழுக்கச் சல்லடைக்கண். பயறுக்கு ஒன்றாக வண்டுகள் வெளியே வந்து, பக்கத்துப் படத்துத் தென்னைமரத்தில் ஏறிக்கொண்டிருந்தன. மயிலை வெயிலில் காயவைத்தோம். பச்சை மறைந்தது. கண் மட்டும் இன்னும் இருக்கிறது. மிளகை வண்டு சீண்டவில்லை.

லேமினேஷன் செய்யலாமே என்பார்கள். செய்தோம். கடைக்காரர் ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் இழுத்தார். சூடான உருளைக்குள் போன மெழுகு கிரேயான் என்ன ஆகும்? சூரியனின் மஞ்சள் உருகி மலையில் வழிந்து ஆற்றில் கலந்தது. பிளாஸ்டிக்கைப் பிரித்தால் தாளும் கூடவே வரும். ஆவணக் காப்பகங்கள் இந்த வேலைக்குப் போகாததன் காரணம் எனக்கு அன்று விளங்கியது. செலோடேப்பும் அப்படித்தான், சில ஆண்டுகளில் பழுத்துப் பசை கசியும். ஸ்கெட்ச் பேனா மைக்கு வெயில் ஆகாது, தண்ணீரும் ஆகாது.

பரணில் வைப்பதா, கட்டிலுக்கு அடியில் வைப்பதா என்பதில் இரு பள்ளிகள் உண்டு. பரண் சூட்டில் கிரேயான் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடுவே வெள்ளைத்தாள் வைக்கவேண்டும். கட்டிலடிக் கொள்கை 2015 டிசம்பர் வெள்ளத்தோடு முடிவுக்கு வந்தது. முடிச்சூரில் என் அண்ணன் வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. பரணில் கிடந்தவை மட்டும் தப்பின.

அலைபேசியில் படமெடுத்துவிட்டு மூலத்தைக் கழித்துவிடலாம் என்போர் சீர்திருத்தக் கட்சியினர். ஜன்னல் பக்கத்துப் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் நன்றாகவே வரும். பிறகு அது உறவினர்களின் காலை வணக்க ரோஜாக்களுக்கும் கரண்ட் பில்லுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். கட்டைப்பையிலாவது கையை விட்டுத் துழாவலாம்.

ஐந்தாம் இயல்: கழித்தல்

இதுவே ஆய்வின் இதயம். கழித்தல் இரவில் செய்யப்படுவது. படத்தை நாலாக மடித்து, முருங்கைக்காய்ச் சக்கைக்கு அடியில் அழுத்தி, மேலே காபித்தூள் மண்டியைப் போடுவது என் முறை. ஒரு நாள் மண்டியைப் போட மறந்துவிட்டேன். காலையில் பல் துலக்கியபடி வந்த மகள் கூடையைப் பார்த்தாள். அழவில்லை. படத்தை எடுத்து உதறி, என் தட்டுக்குப் பக்கத்தில், இட்லிக்கும் சட்னிக்கும் நடுவே வைத்துவிட்டுப் போனாள். மனைவி அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மின்விசிறிக்குக் கீழே உலர்த்தி, பின்பக்கம் தேதி போட்டுப் பையில் சேர்த்தோம். பின்பக்கம் தேதி எழுதப்பட்ட எதையும் இனிக் கழிக்கக்கூடாது, பைக்குள் போனது வெளியே வரக்கூடாது என்ற சட்டத்தை நானே வாய்மொழியாகச் சொல்லி நிறைவேற்றிக்கொடுத்தேன்.

இருந்தாலும் ஆய்வாளன் நடுநிலை தவறலாகாது. ரஷ்யாவின் நோவ்கொரோத் நகரில் 13-ம் நூற்றாண்டில் ஓன்ஃபிம் என்று ஒரு பையன் இருந்தான். பூர்ச்ச மரப்பட்டையில் எழுத்துப் பழகும்போதே, எதிரியைக் குத்தும் குதிரைவீரனையும், விரல்கள் வாருகோல் போல விரிந்த ஆட்களையும் வரைந்தான். இன்று அவை உலகப் புகழ் பெற்றவை. யாரும் பையில் போட்டு வைக்கவில்லை. மண்ணோடு மண்ணாகப் போனவை, காற்றுப்புகாத ஈரச்சேறு காப்பாற்றிக் கொடுத்தது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பத்திரமாக இருந்த ஏடுகளையோ, பழுதானவற்றை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாக உ.வே.சா.விடம் சொன்னார்கள். எது தப்பும், எது தப்பாது என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை.

டார்வின் வீட்டிலும் தாளுக்குப் பஞ்சமில்லை. 1859-ல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் கையெழுத்துப்படியை எடுத்து, அதன் பின்பக்கம் பிள்ளைகள் காய்கறி வீரர்கள் சண்டைபோடும் படம் வரைந்திருக்கிறார்கள். கையெழுத்துப்படியில் பெரும்பகுதி இன்று இல்லை. மிஞ்சிய தாள்களில் சில, பின்பக்கத்துப் படத்துக்காக எடுத்துவைக்கப்பட்டு மிஞ்சியவை.

மூன்றாம் இயல் எங்கே என்பதற்கு வருகிறேன். 'வகைப்பாடு' என்ற தலைப்பில் அது ஒரே தாளில், நெருக்கி எழுதப்பட்டிருந்தது. தொட்டிலோவியம், தரையோவியம், ஃபிரிட்ஜோவியம் என்று ஒன்பது வகை. எனக்கே பிடித்துப்போன பகுதி. காபி எடுத்துவர எழுந்து போனேன். திரும்பியபோது அதன் மறுபக்கம் ஆறு காலோடு ஒரு யானை நின்றது. "ஏன் ஆறு?" என்றேன். "நடக்குதுல்ல" என்றாள். அதற்குள் என் மனைவி பென்சிலை எடுத்து, என் எழுத்துக்கு மேலேயே, தேதியும் வயதும் உரையும் எழுதிவிட்டாள்.

மூன்றாம் இயலைப் படிக்க விரும்புவோர் வீட்டுக்கு வரலாம். இரண்டாவது பை, யானைக்குப் பின்பக்கம். ஞாயிற்றுக்கிழமை மட்டும்.