தட்டுவடை செட் சாப்பிட்டபடியே புரட்சி செய்வது எப்படி?

முதலில் செல்போனுக்குச் சார்ஜ் போடுங்கள். புரட்சி பாதியில் அணைந்துபோனால் வரலாறு மன்னிக்காது.

அடுத்தது இடம். சேலத்தில் இருப்பவர்களுக்குத் தட்டுவடை செட் கடையைப் பரிந்துரைக்கிறேன். இடது கையில் தட்டு, வலது கைக் கட்டைவிரல் சமுதாயத்துக்கு. விரலில் சட்னி ஒட்டியிருந்தால் திரை சொன்ன பேச்சைக் கேட்காது. துடைத்துவிட்டுக் கோபப்படுங்கள்.

பிரச்சினையைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம் தேவை. உள்ளூர் விவகாரம் வேண்டவே வேண்டாம். திருமணிமுத்தாறு உங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே நுரை தள்ளிக்கொண்டு ஓடினாலும் கண்டுகொள்ளாதீர்கள். சாயப்பட்டறைக்காரர் மாமன் முறையாக இருப்பார், கல்யாணத்தில் முகம் கொடுக்க முடியாது. அமேசான் காடுதான் பாதுகாப்பு. அங்கே நமக்குப் பங்காளி யாரும் இல்லை.

எதையும் முழுதாகப் படிக்காதீர்கள். இந்தக் கலையில் நம் வட்டாரத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் 2010இல் வந்தது. நான்கு ஆண்டுகள் யாருக்கும் அது வலிக்கவில்லை. 2014 டிசம்பரில் அதிலிருந்து சில பக்கங்கள் மட்டும் ஜெராக்ஸ் ஆகித் திருச்செங்கோட்டில் கைமாறின. புத்தகம் எரிந்தது. ஜனவரியில் கடையடைப்பு. நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை. அதன்பின் ‘எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான்’ என்று அவரே முகநூலில் அறிவித்தார். அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? லைக் போட்டேன். அழுகிற முகமெல்லாம் அப்போது முகநூலில் வந்திருக்கவில்லை, லைக் ஒன்றுதான் இருந்தது. சாவுச் செய்திக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, ‘நானும் பெருமாள்முருகன்’ என்று ஒரு வரியும் எழுதிவிட்டுத் தூங்கப் போனேன். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத் (தமுஎகச) தோழர்கள் நீதிமன்றத்துக்கு நடந்தார்கள். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்கும் தவறாமல் லைக் போட்டேன்.

இனி முக்கியமான விதி: வீட்டை விட்டு இறங்காதீர்கள். இறங்கினால் என்ன ஆகும்? 2017 ஜூலையில் பெரியார் பல்கலைக்கழக இதழியல் மாணவி வளர்மதி, எண்ணெய், எரிவாயு எடுப்பதை எதிர்த்த கதிராமங்கலம், நெடுவாசல் போராட்டங்களுக்கு ஆதரவாகச் சேலத்தில் ஒரு கல்லூரி அருகே துண்டறிக்கை கொடுத்தார். காகிதம், அவ்வளவுதான். குண்டர் சட்டம் பாய்ந்தது. செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்யும்வரை சிறைவாசம். நாமெல்லாம் வீட்டில் உட்கார்ந்து ‘ஸ்டாண்ட் வித்’ போட்டோம், எங்கும் நிற்காமலேயே.

வீட்டிலேயே இருந்தால் கேஸ் வராது என்றும் மனப்பால் குடிக்காதீர்கள். இணையத்தில் எழுதியதற்குப் பிடித்து உள்ளே போட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்றே தூக்கி எறிந்துவிட்டது, வாஸ்தவம். மற்ற பிரிவுகள் சுகமாக இருக்கின்றன. ‘வந்ததை அப்படியே பார்வர்டு பண்ணினேன், நான் எழுதலைங்க’ என்ற பல்லவியும் எடுபடாது. பத்திரிகையாளர்களைப் பற்றிய பதிவு ஒன்றைப் பகிர்ந்த நடிகர் எஸ்.வி.சேகர் 2018இல் முன்ஜாமீன் கேட்டபோது, பகிர்வது அதை ஏற்றுக்கொள்வதற்குச் சமம் என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் குடும்ப குரூப்பில் காலை வணக்கத்தோடு சேர்த்து எதையெதையோ அனுப்பும் சித்தப்பாவிடம் இதை யாராவது பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

அதே 2018இல்தான் எட்டுவழிச்சாலைத் திட்டம் வந்தது. சேலத்திலிருந்து சென்னைக்கு 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய். ஜூன் மாதம் அச்சாங்குட்டப்பட்டியிலும் பூலாவரியிலும் அளவுக்கல் நட்டார்கள். தென்னைக்கு நடுவே கல், கிணற்று மேட்டில் கல். மண்ணில் விழுந்து புரண்டு அழுத ஆத்தாக்களின் வீடியோ என் போனுக்கு ஒரே நாளில் பதினேழு முறை வந்தது. நானும் பதினெட்டாவது ஆளுக்கு அனுப்பினேன். சூழலியல் செயல்பாட்டாளர் பியூஷ் மானுஷ் கைதானார், வளர்மதி மறுபடியும் கைதானார். என் முகப்புப் படத்தில் ஒரு பச்சை வட்டம் சேர்ந்தது.

நான்காம் நாள் கிரிக்கெட் வந்துவிட்டது, நாங்கள் அந்தப் பக்கம் போய்விட்டோம். கல் போகவில்லை. பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் சுருட்டிக்கொண்டு விவசாயிகள் வக்கீல் ஆபீஸுக்கு நடந்தார்கள். 2019 ஏப்ரல் 8 அன்று உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அறிவிக்கை செல்லும், ஆனால் நிலத்தை முன்கூட்டியே அரசு பேருக்கு மாற்றியது செல்லாது, உடையவர்கள் பேருக்கே திருப்பி எழுது என்றது. இதற்கு ஹேஷ்டேக் போடுவது சிரமம். பாதி வெற்றிக்கு எந்த பொம்மை போடுவது?

போனைக் குறை சொல்லி ஆகாது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவுக்கு அத்தனை பேரைக் கூட்டிவந்ததும், மின்சாரம் நின்ற இரவில் வெளிச்சம் காட்டியதும் இதே போன்தான். சேலத்துப் பிள்ளைகள் காரைக்கால் ரயிலையே மறித்து நிறுத்தினார்கள். ஆனால் அவர்கள் போனைப் பார்த்துவிட்டுக் கிளம்பி வந்தவர்கள். நம் வழிகாட்டியில் அது சேராது.

விதியை மீறி நானும் ஒருமுறை கிளம்பினேன். கன்னங்குறிச்சி மூக்கனேரியில் 2010இல் மக்களே இறங்கி வேலை செய்து, அள்ளிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத்திட்டாகக் குவித்து மரம் நட்டிருக்கிறார்கள், நம் ஊர் ஏரியிலும் ஏன் கூடாது என்று ஒரு குரூப் தொடங்கினோம். 212 பேர். ஞாயிறு காலை ஆறு மணி என்றதும் 63 கட்டைவிரல்கள் உயர்ந்தன. வந்தது ஐந்து பேர். அதில் ஒருவன் ரீல்ஸ் எடுக்க வந்தவன். கரையில் ஆடு மேய்த்த ஆத்தா எங்களை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏங்கண்ணு, போட்டோ புடிச்சாச்சுன்னா அந்தப் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் அக்கட்டால அள்ளிப் போடுங்க. ஆடு தின்னு தொலைக்குது.”

அள்ளினோம். பன்னிரண்டு சாக்கு. என் செருப்பு ஒன்று இன்னும் சேற்றுக்குள்தான் இருக்கிறது. ரீல்ஸ் பையன் கடைசியில் போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு மூன்று சாக்கு தூக்கினான், வீடியோ பாதியில் நின்றுபோனது.

வரும் ஞாயிறும் அதே ஆறு மணிதான். மண்வெட்டி இருந்தால் எடுத்து வாருங்கள். செருப்பு மட்டும் வேண்டாம்.